உப்பு போன வழி

குடகனாறு கீழ்ப் பழனி மலையில் பிறந்து ஆத்தூரில் சமவெளிக்கு இறங்குகிறது. திண்டுக்கல் சமவெளியைக் கடந்து, வேடசந்தூர் பக்கம் அழகாபுரி அணையைத் தொட்டு, கரூர் மாவட்டத்தில் அமராவதியில் போய்ச் சேருகிறது. இந்த ஆற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் ராஜவாய்க்கால் பங்கீட்டுத் தகராறை எழுதுவார்கள். 1977 வெள்ளத்தில் அழகாபுரி அணை உடைந்ததை எழுதுவார்கள். இந்தத் தண்ணீரில் கரைந்த உப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, யார் யார் அதைத் தங்கள் வாசலிலிருந்து தள்ளிவிட்டார்கள், கடைசியில் எங்கே போய்த் தங்கியது என்பதை யாரும் தொடர்ச்சியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஆத்தூர். காமராஜர் பெயர் தாங்கிய நீர்த்தேக்கம் எங்கள் ஊருக்கு மேலே, மலையடியில் இருக்கிறது. திண்டுக்கல் நகரம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்; பேரணைத் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் அதனோடு சேர்ந்துகொண்டவை. நான் வாக்கப்பட்டது அதே ஆற்றின் கீழ்ப்போக்கில், தோல் ஷாப்புகள் என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வந்து சேரும் பக்கத்து ஊர் ஒன்றில். பிறகு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து, பணி ஓய்வு வரை அங்கேயே இருந்தேன். ஒரே ஆற்றின் மேல்தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள், கீழ்த்தண்ணீரில் சோறாக்கிப் பிள்ளை வளர்த்தவள், இரண்டையும் குடுவையில் ஊற்றி அளந்தவள் என்ற மூன்று உரிமையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பூமிக்கு அடியில் கடினப் பாறை. வண்டல் மண் நிறைந்த ஆற்றுப் படுகைகளைப்போல ஆழமாகத் தண்ணீர் தேங்கும் மணல் அடுக்கு இங்கே கிடையாது. மேலே சில அடி மண், அதன் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே வெடிப்பு விட்ட பாறை. பெய்த மழையில் மண்ணுக்குள் இறங்கியது அந்த வெடிப்புகளில்தான் தங்கும். மெதுவாக நகரும் தண்ணீர் பாறையிலிருந்து சுண்ணமும் மக்னீசியமும் சோடியமும் கரைத்துக்கொண்டே போகும். வெயில் காலத்தில் மேல்மட்டத் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் மண்ணில் மிஞ்சும். ஆகவே தோல் தொழில் வருவதற்கு முன்பும் இந்தச் சமவெளியில் உப்புக் கிணறு உண்டு.

அதோடு வாழ ஊருக்கு வழிமுறை இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் நல்லதண்ணிக் கிணறு என்று ஒன்று தனியாக இருக்கும். பெரும்பாலும் அது கண்மாய்க் கரையை ஒட்டியோ ஊருணிக்குப் பக்கத்திலோ வெட்டப்பட்டிருக்கும். கண்மாயில் மழைத் தண்ணீர் நிற்கும்வரை அந்தக் கிணற்றில் ஊறுவதும் மழைத் தண்ணீரேயாகும். குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட வேறு கிணறு. எந்தத் தண்ணீரை எதற்குப் புழங்குவது என்பதைப் பெண்கள் அடுப்படியில் கண்டுபிடித்தார்கள். துவரம்பருப்பு வேகாமல் கல்லாக நின்றால் அது குடிக்க ஆகாத தண்ணீர். சோறு மஞ்சளித்தாலும் சவக்காரம் நுரைக்காமல் திரிந்தாலும் அப்படியே. கடினத்தன்மை என்று நாங்கள் பரிசோதனைக் கூடத்தில் எழுதிய எண்ணை, என் மாமியார் பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது தோலோடு வந்த உப்பு.

திண்டுக்கல்லில் தோல் பதனிடுவது ஆங்கிலேயர் காலத்திலேயே வேர்பிடித்த தொழில். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதப்படுத்தி, சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். மரப்பட்டையில் பதமான அந்தத் தோலுக்கு அங்கே நல்ல மதிப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோமியத்தால் தோல் பதனிடும் குரோம் முறையைச் செய்துகாட்டினார். 1948-இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1970களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலை அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணிக் கணக்கில் அது நல்ல முடிவு. ஆனால் முடித்த தோலுக்குத் தேவைப்பட்ட தண்ணீரும் ரசாயனமும் குரோமும் எந்த ஆற்றில் போய் இறங்கும் என்று அந்தக் கணக்கில் ஒரு வரி இல்லை.

உப்பு எப்படி வருகிறது என்று தெரியாமல் மற்றது விளங்காது. ஆட்டை உரித்த சில மணி நேரத்தில் தோல் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்கக் கல்லுப்பை அள்ளி உள்பக்கம் தேய்த்து அடுக்குவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி உப்பு ஏறிவிடும். அந்தத் தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை, தொட்டியில் ஊறப்போட்டு உப்பை வெளியேற்றுவது. பட்டை முறையானாலும் குரோம் முறையானாலும் ஊறல் தொட்டி உண்டு. தோலைக் காப்பாற்ற வந்த உப்பு, வேலை முடிந்ததும் அப்படியே தண்ணீரில் கரைந்து வாய்க்காலுக்குப் போகிறது. அதற்குப் பிறகு வரும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் குரோமும் தனி. கரைந்த உப்பில் பெரும்பங்கு அந்த முதல் தொட்டியில் வந்ததுதான். சின்னாளபட்டிச் சாயப்பட்டறைகளிலும் நூலில் சாயம் ஏற உப்பு போடுவார்கள். இரண்டு தொழிலும் எங்கள் மாவட்டத்துக்குச் சோறு போட்டவை. என் வீட்டிலேயே தோல் ஷாப்புக் கூலியில் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் குளோரைடு பார்க்கும் முறை எளிது. கூம்புக் குடுவையில் தண்ணீரை அளந்து ஊற்றி, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் எலுமிச்சை மஞ்சள் வரும். மேலே பியூரட்டில் வெள்ளி நைட்ரேட். குழாயைத் திருகி ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டு விழுந்த இடத்தில் பால்போல வெண்மை படரும். அது வெள்ளி குளோரைடு. தண்ணீரில் குளோரைடு தீர்ந்த அந்த நொடியில் மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் தட்டும். அங்கே நிறுத்திப் பியூரட் அளவைக் குறிக்க வேண்டும். ஆத்தூர் அணைத் தண்ணீருக்குக் குழாயைத் திறந்த சற்று நேரத்திலேயே செங்கல் நிறம் எட்டிப் பார்த்துவிடும். கழிவு வாய்க்காலை ஒட்டிய கிணற்றுத் தண்ணீருக்கு பியூரட் முழுதும் காலியாகும், மஞ்சள் அசையாது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சி வடித்த நீரில் பல மடங்கு கலந்துதான் அளக்கவே முடிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே தெளிவு.

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் மொத்தக் கரைந்த உப்பை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கச் சொல்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு அந்த எல்லைகள் 250, 1,000. ஆலைப் பகுதிக் கிணறுகளில் வெளி எல்லையையும் தாண்டிய தண்ணீர் சர்வசாதாரணமாக வந்தது. தென்னை ஓலை நுனியிலிருந்து கருகியது. மல்லிகை மொட்டு சிறுத்தது. வயல் மண் காய்ந்தால் இறுகி, நனைந்தால் சேறாகிக் களராக மாறியது. வயலை வைத்திருந்தும் விதைக்க முடியாதவர்கள் திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களில் பலர் சேர்ந்தது தோல் ஷாப்பிலேயே.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு நாடு முழுவதும் தெரிந்தது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கு என்றே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்குள் எங்கள் ஊர்களும் இருக்கின்றன. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த அந்தத் தீர்ப்பில், ஒரு தொண்டு நிறுவனம் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கு குறிப்பிடப்படுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்கு மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்றும் தீர்ப்பு சொல்கிறது. அந்த நடையை நடந்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும். குடத்தோடு நடந்ததை நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுத்தில் வைத்தது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கெடுத்தவர் ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியும், கெடுதல் வருமுன் காக்க வேண்டும் என்ற நெறியும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் நிலைநாட்டியது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனி நிலையமோ அமைக்க வேண்டும் என்று உத்தரவானது. நிலையங்கள் வந்தன. கழிவின் கருமை குறைந்தது, நாற்றம் குறைந்தது, குரோமியம் சகதியாகப் பிரிந்து ஒதுங்கியது.

உப்பு மட்டும் குறையவில்லை. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் மிதப்பவை படியும். காற்றூட்டிய தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். கரைந்த சோடியம் குளோரைடு படியாது. அதைத் தின்னும் உயிரும் இல்லை. அத்தனை தொட்டியையும் தாண்டி அது தெளிந்த தண்ணீரோடு மறுபக்கம் வந்துவிடும். ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் குடகனாற்றின் மேற்படுகையில் ஏறத்தாழ 80 தோல் தொழிற்சாலைகளைச் சுற்றிய நிலத்தடி நீரை ஆராய்ந்து, கணினி மாதிரியில் எதிர்காலத்தைக் கணக்கிட்டார்கள். கழிவு வருவதைப் பாதியாகக் குறைத்தால்கூட, 20 ஆண்டுகள் கழித்தும் நிலத்தடி உப்பு அன்றைய அளவில் பாதிக்குக் கீழே இறங்காது என்பது அவர்கள் கண்ட முடிவு. பாறை வெடிப்பில் நுழைந்த உப்பு வெளியேற ஒரு தலைமுறை போதாது. ஆகவே தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் வேறொரு கருவி வேண்டியிருந்தது. அது வேறொரு கண்டத்தில் முன்பே தயாராகியிருந்தது.

1748-இல் பிரான்சில் நொலே என்ற பாதிரியார், சாராயம் நிரம்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். தோல் உப்பிப் புடைத்தது. தண்ணீர் உள்ளே நுழைகிறது, சாராயம் வெளியே வரவில்லை. ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்கும் சவ்வு உண்டு என்று அதில் தெரிந்தது. 1880களில் வான்ட் ஹாஃப் என்ற வேதியியலாளர் அந்த ஊடுருவலின் அழுத்தத்துக்குக் கணக்கு எழுதினார். உப்புத் தண்ணீரின் மேல் அதைவிட அதிக அழுத்தம் கொடுத்தால் நல்ல தண்ணீர் எதிர்த்திசையில் வர வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அதைத் தாங்கும் சவ்வு கிடைக்க மேலும் முக்கால் நூற்றாண்டு ஆனது.

1950களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீடின் குழு, செல்லுலோஸ் அசிட்டேட் படலம் உப்பைத் தடுக்கிறது என்று காட்டியது. தண்ணீர் வந்த வேகம்தான் மிகக் குறைவு. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து வேலை செய்தார்கள். அந்தப் பெயரைப் பாடநூல் ஒன்றில் முதலில் படித்தபோது எனக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள்தான் நினைவுக்கு வந்தார். நம் பக்கத்துப் பெயர் ஒன்று உலகம் குடிக்கும் தண்ணீரில் இருக்கிறதே என்ற பெருமிதம் இன்றும் எனக்கு உண்டு.

கடையில் வாங்கிய படலத்தை அவர்கள் வெந்நீரில் பதப்படுத்திச் சோதித்தபோது ஒரு விந்தை தெரிந்தது. படலத்தின் ஒரு பக்கம் உப்புத் தண்ணீரைப் பார்த்திருந்தால் உப்பு நன்றாகத் தடுக்கப்பட்டது. மறுபக்கம் திருப்பி வைத்தால் தடுக்கப்படவில்லை. இரு பக்கமும் ஒன்றல்ல என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். பிறகு தாங்களே படலம் வார்த்தார்கள். கரைசலைக் கண்ணாடியில் பரப்பி, குளிர்நீரில் உறையவிட்டு, சூடான நீரில் பதப்படுத்தினார்கள். மேலே மயிரிழையின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அடர்ந்த தோல், கீழே துளை நிறைந்த தாங்கு பகுதி. உப்பைத் தடுப்பது அந்த மெல்லிய தோல் மட்டும்தான். தோல் மெல்லியதாக இருப்பதால் தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது. 1964-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

1965-இல் கலிஃபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூரில் லோபும் அவரது குழுவினரும் அந்தச் சவ்வைக் குழாய்களுக்குள் பொருத்தி நிலையம் அமைத்தார்கள். ஊர் ஒன்றுக்கு எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் குடிநீர் தந்த முதல் நிலையம் அது. கோலிங்காவுக்கும் எங்களுக்கும் உறவு உண்டு. அதுவும் கடலை விட்டு விலகிய உள்நாட்டுச் சமவெளி. நிலத்தடி நீர் உவர்ப்பு. ஒரு காலத்தில் குடிதண்ணீர் ரயிலில் வந்த ஊர். கடல்நீரைக் குடிநீராக்கும் நுட்பம் என்று நாம் நினைப்பது, முதலில் ஒரு உப்புக் கிணற்றுத் தண்ணீருக்குத்தான் உதவியது. அதற்கு அழுத்தமும் குறைவாகப் போதும். கடல்நீருக்கு 55 முதல் 70 பார் வரை தேவைப்படும் இடத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குப் பத்து, பதினைந்து பார் போதுமானது. 1970களின் இறுதியில் ஜான் கடாட் என்பவர் பாலியமைடில் மெல்லிய மேற்தோல் வார்க்கும் முறையைக் கண்டார். இன்று கடைகளில் நாம் மெம்பரேன் என்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்தது.

இந்தியாவில் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் இந்தச் சவ்வைச் சொந்தமாகச் செய்து பழகியது. உப்பு விளைவிக்க வழி தேட 1954-இல் நேரு தொடங்கிவைத்த அந்த நிலையம், உப்பை அகற்றும் வேலையிலும் முன்னே நின்றது பொருத்தம்தான். தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டம் முன்னதாகவே பயனடைந்தது. நரிப்பையூரில் 1990களின் கடைசியில் நாளுக்கு 38 லட்சம் லிட்டர் தரும் நிலையம் அமைந்தது. சென்னைக்கு மீஞ்சூர் நிலையம் 2010-இலும் நெம்மேலி நிலையம் 2013-இலும் வந்தன.

எங்கள் சமவெளிக்கு மெம்பரேன் இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒன்று குடிதண்ணீர் வாசல்: கேன் தண்ணீர்க் கம்பெனிகள், வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டி, ஊராட்சிகள் வைத்த நாணயம் போட்டுக் குடம் நிரப்பும் நிலையம். கீழ்ப்போக்கு ஊர்ப் பெண்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. என் மாமியார் கடைசிக் காலத்தில் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைத்துவிட்டு, "ஏத்தா, இது உங்க ஆத்தூருத் தண்ணி கணக்கால்ல இருக்கு" என்றார். "மெசினுத் தண்ணி அத்தை" என்றேன். "எந்த மெசினா இருந்தா என்ன, அடுப்புல கெடந்து நிக்காம சட்டுனு வேகுதுல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

இன்னொரு வாசல் தொழிலுக்கானது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வற்புறுத்தியபின், தமிழ்நாட்டுத் தோல், சாயத் தொழில்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுத்தம் செய்த தண்ணீரை ஆர்.ஓ. வழியாகச் செலுத்தி மறுபடி ஆலைக்கே அனுப்பத் தொடங்கின. எஞ்சிய அடர்த்தியான உப்புத் தண்ணீரைக் கொதிகலனில் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது குளோரைடும் சல்ஃபேட்டும் கரிமக் கசடும் கலந்த பழுப்பு உப்பு. சமையலுக்கு ஆகாது, இன்னொரு தோலில் தடவவும் ஆகாது. மூட்டையாகக் கட்டிக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். மழை உள்ளே புகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை.

பணி ஓய்வுக்குப் பின், ஊராட்சி நிலையம் ஒன்றில் கழற்றிப்போட்ட மெம்பரேனைத் தம்பி ஒருவர் ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். வெளியே கண்ணாடி இழைக் கூடு. அதை உரித்தால் நடுவில் துளையிட்ட குழாய், அதைச் சுற்றிப் பாயைச் சுருட்டி வைத்ததுபோல் அடுக்கடுக்காகப் படலம். ஒரு மடிப்பை விரித்தேன். உப்புத் தண்ணீர் ஓடிய பக்கத்தில் வலைத்தாள். அதன் கண்களில் பழுப்புப் பாசி, வழுவழுவென்று. தண்ணீர் நுழையும் முனைப் பக்கம் பாசி அதிகம். வெளியேறும் முனைப் பக்கம் நகர நகர வெள்ளைச் சொரசொரப்பு கூடிக்கொண்டே போய், கடைசியில் நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. மறுபக்கம் நல்ல தண்ணீர் ஓடிய துணி புதிதுபோல் வெளுப்பாக இருந்தது. தண்ணீர் முன்னேற முன்னேற நல்லது பிரிந்து போய்விட, மிஞ்சியது அடர்ந்து, தாங்கமுடியாத இடத்தில் சுண்ணமாகப் படிந்திருக்கிறது. மெம்பரேன் உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்குகிறது என்பதை அந்த மடிப்பைவிடத் தெளிவாகக் காட்டக்கூடியது எதுவும் இல்லை.

கணக்கும் அதையே சொல்லும். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள கிணற்றிலிருந்து 1,000 லிட்டர் எடுத்தால் அதில் 2 கிலோ உப்பு. பாதித் தண்ணீர் லிட்டருக்கு 100 மில்லிகிராம் உப்போடு நல்ல தண்ணீராக வந்தால் அதோடு போவது 50 கிராம். மீதி 1 கிலோ 950 கிராமும் மற்ற 500 லிட்டரில் இருக்கும். அதன் அடர்த்தி லிட்டருக்கு 3,900 மில்லிகிராம். அந்தத் தண்ணீரை ரிஜெக்ட் என்கிறார்கள். அதை எங்கே விடுகிறோம்? பெரும்பாலும் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சாக்கடையில், வாய்க்காலில், சில இடங்களில் கைவிட்ட ஆழ்துளைக் குழிக்குள். நாளுக்கு 10,000 லிட்டர் எடுக்கும் நிலையம் ஏறத்தாழ 20 கிலோ உப்பை அந்தச் சாக்கடைக்குக் கொடுக்கிறது. பூமியிலிருந்து எடுத்த உப்பு பூமிக்கே திரும்புகிறது, இரு மடங்கு அடர்த்தியாக, அதே ஆழ்குழாய்க்குப் பக்கத்தில். அதை மறுபடி உறிஞ்சி மறுபடி வடிக்கிறோம்.

இதுவரையிலான வரலாறு முழுவதிலும் இதே நடைதான். தோல் வியாபாரம் உப்பை ஊறல் தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குத் தள்ளியது. வாய்க்கால் அதைக் குடகனாற்றுக் கிணறுகளுக்குத் தள்ளியது. நகரம் ஆத்தூருக்கு மேலேயிருந்து நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டது. கீழூரார் போக இடமில்லாமல் மெம்பரேனை நாடினார்கள். மெம்பரேன் அதைச் சாக்கடைக்குத் தள்ளுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவருக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது, உப்பு அடுத்தவர் நிலத்துக்கு நகர்ந்தது.

என் பிறந்த ஊரிலும் இப்போது வீட்டுக்கு வீடு பெட்டி மாட்டுகிறார்கள். அது எனக்குப் பெரிய மனவருத்தம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் கரைந்த உப்பு குறைவு. அணை நிரம்பிய காலங்களில் நான் பார்த்த மாதிரி எதுவும் 500-ஐ நெருங்கியதில்லை. அந்தத் தண்ணீருக்கு வேண்டியது மணல் வடிகட்டியும் குளோரினும், சந்தேகம் இருந்தால் கொதிக்கவைப்பதும். உப்பு குறைந்த தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க, வீட்டுப் பெட்டி ஒரு குடம் தர இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம், கரைந்த உப்பு 500-க்குக் கீழுள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யும்படி மத்திய அமைச்சகத்துக்குச் சொன்னது இந்தக் காரணத்தால்தான். ஆத்தூர்த் தண்ணீருக்காகக் கீழூர்கள் காத்துக்கிடக்கும்போது அதைச் சாக்கடையில் விடுவது தகாது.

மெம்பரேனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கீழ்ப்போக்கு ஊரில் வாழ்ந்தவர் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உப்பைக் கரையவிடாமல் தடுப்பதுதான் முதல் வழி. கரைந்த பின் பிரிப்பது இரண்டாம் வழி, செலவும் அதிகம். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மரச்சட்டம் ஒன்றை வடிவமைத்தது. ஊறப்போடும் முன் தோலை அதன்மேல் அறைந்தால் ஒட்டியிருக்கும் கல்லுப்பில் ஒரு பகுதி உதிர்ந்துவிடும். உதிர்ந்தது திடமான உப்பு. கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டலாம். தண்ணீரில் கரைந்தபின் அதே உப்பைப் பிடிக்க மெம்பரேனும் கொதிகலனும் விறகும் மின்சாரமும் கொட்டகையும் வேண்டும். இரண்டு ஆட்கள் தோலை உதறும் கூலி அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

குடிநீர் நிலையங்களுக்கு நான் கேட்பது ஒரு பலகை. உள்ளே வரும் தண்ணீரின் உப்பு எவ்வளவு, குடத்தில் விழும் தண்ணீரில் எவ்வளவு, ரிஜெக்டில் எவ்வளவு, அந்த ரிஜெக்ட் எங்கே போகிறது என்று நான்கு வரி எழுதி வாசலில் மாட்ட வேண்டும். உப்பு மிதமாக இருக்கும் இடத்தில் ரிஜெக்டைப் பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் திருப்பலாம். அடர்ந்த இடத்தில் ஆவியாக்கும் பாத்தி கட்டலாம். எதுவானாலும் சாக்கடைக்குள் மறைந்து போகக்கூடாது. கரைந்த உப்பை அளக்கும் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பார்க்க ஒரு நிமிடம் போதும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஆத்தூர் ஒன்றியத்திலும் ரெட்டியார்சத்திரம், திண்டுக்கல் ஒன்றியங்களிலும் இருக்கும் பெண்கள் அன்றைக்கு எழுந்து, எங்கள் ஊர் நிலையத்தின் உப்பு எங்கே போகிறது என்று கேட்டு, அந்தக் கேள்வியையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்க வேண்டும்.